ஊதித் தின்ற கச்சான்

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த பழைய துரை பங்களா இப்போது ஆய்வுகூடம். மத்தியானம் றிப்கா வேலைக்கு வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் ஜன்னல்வரை ஏறியிருந்தது. உள்ளே எலிக் கூண்டுகள். பூஞ்சணம் பிடித்த கச்சான் கடலையை அரைத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவாகப் போட்டு, ஈரல் என்னவாகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

"ஆணெல்லாம் முடிஞ்சிருச்சுங்க மிஸ்," என்றாள் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் லோஜினி. "பொட்டைங்க அதையே தின்னுட்டு நல்லாத்தான் இருக்குதுங்க."

செத்தவற்றின் ஈரல் மஞ்சளாக வெளுத்திருந்தது. பெண் எலிகளுக்கும் சேதம் உண்டு, கொஞ்சம்தான். அந்த நஞ்சு ஆணைத்தான் அதிகம் தாக்கும், படித்த விஷயம்தானே என்று றிப்கா அலட்டிக்கொள்ளவில்லை. லோஜினி கைகழுவ வெளியே போனாள்.

ஃபூ.

காலியான ஆண் கூண்டுக்குள் யாரோ ஊதினார்கள்.

பெண் எலிகள் அத்தனையும் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தன.

ஃபூ.

நனைந்த சாக்கு வாடை எழுந்தது. அந்த மூச்சு றிப்காவுக்குத் தெரிந்த மூச்சு.

அவளுடைய வாப்பாவின் மூச்சு. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த கச்சானை ஒருவருக்கும் விற்றதில்லை. தோட்டத்து லயத்துச் சனத்துக்குக் கெட்டதைக் கொடுத்தால் அல்லாஹ் கேட்பான் என்பார். கொட்டவும் மனம் வராது. உள்ளங்கையில் தேய்த்து, ஃபூ என்று தோலை ஊதி, மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி கொடுத்துத் தானும் தின்பார். ஊரில் நல்ல பெயர்தான். போன வருஷம் ஈரல் கெட்டு மௌத்தானார். கடை தம்பி சப்ராஸ் கைக்கு வந்தது, விற்காமல் வைத்திருந்த அந்தக் கச்சான் சாக்கும் சேர்ந்து வந்தது.

அவளும்தான் தின்றாள். அவளுக்கு ஒன்றுமில்லை.

விழுந்தடித்து வீட்டுக்கு இறங்கினாள். அடுப்படியில் சப்ராஸ் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது. றிப்கா பரணிலிருந்த சாக்கை இழுத்துக் கொல்லைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். இனி இதைத் தொடாதே, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள்.

"நான் தொட்டே கனகாலம் ராத்தா," என்றான் அவன் மெதுவாக.

"பின்ன எப்பிடி?"

"வாப்பாதான் ஊதித் தாறாரு."

அவனை இழுத்துப்போய் ஆட்டோவில் ஏற்றி, அவன் இரண்டு கைகளையும் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்படியும் தம்பியை விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பனிக்குள் ரோட்டே தெரியவில்லை.

நனைந்த சாக்கு வாடை.

ஃபூ.

ஒரு கச்சான் தோல் பறந்து அவள் மடியில் விழுந்தது.

தம்பியின் கைகள் இரண்டும் அவள் பிடியில்தான் இருந்தன. அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.