துயர் வடியாத ஒருத்தி

பணி முடிந்த செவிலியர் ஏழு பேர் துயர்வடிப்பானுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியைச் சுற்றிய பட்டை எட்டு நிமிடம் மெல்லத் துடிக்கும். வார்டில் பார்த்தது எல்லாம் நினைவில் இருக்கும். அதன் வலி மட்டும் போய்விடும். கருவி வந்த மூன்றாண்டுகளில் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட வேலையை விடவில்லை. பணியில் மனநிறைவு உண்டா என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் உண்டு என்றே எழுதினார்கள்.

மரியபுஷ்பம் எழுதவில்லை. சிறுவயதில் வலிப்பு வந்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் பட்டை கட்டக்கூடாது. புற்றுநோய்ப் பிரிவில் பார்த்ததையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துபோனாள். சோற்றைப் பிசைந்தவள் உண்ண மறந்து அப்படியே இருப்பாள்.

ஆனி மாதத்தில் மீரான் என்பவரின் மனைவி அந்தப் பிரிவில் இறந்துபோனார். செவிலியர் ஒவ்வொருவரும் கனிவாகத்தான் பேசினார்கள். மீரான் கல்லாக நின்றார். திரைச்சீலையை இழுக்க வந்த மரியபுஷ்பம், "தலையில வார முடியே இல்ல, நேத்து எங்கிட்ட சீப்பு கேட்டாவளே அண்ணாச்சி" என்று சொல்லி உடைந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் அவருக்கும் அழுகை வந்தது.

செய்தி பரவியது. "அழுவுற சிஸ்டர் இருக்காங்களா?" என்று இறந்தவர்களின் வீட்டார் கேட்டு வந்தார்கள். நிர்வாகம் அவளை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்து, எல்லாப் பிரிவுகளின் மரணங்களுக்கும் அனுப்பியது. ஒரு நாளைக்கு நான்கு. சில நாள் ஆறு.

மார்கழியில் அவளுக்கு அழுகை நின்றது. ஒன்பது வயது மகளைப் பறிகொடுத்த தாய் அவள் தோளில் விழுந்து கதறியபோது, அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் அதைக் கண்டுவிட்டாள்.

மறுநாளே மரியபுஷ்பம் விலகல் கடிதம் கொடுத்தாள்.

"உங்களுக்குப் பதிலா யாரம்மா போடுவேன்?" என்றார் கண்காணிப்பாளர்.

"எல்லாருக்கும் பட்டையக் கழட்டிருங்க சார். ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தா ஒருத்தியே முறிஞ்சுபோக வேண்டாம்லா."

"கழட்டுனா பழையபடி பாதிப்பேரு ஓடிருவாங்க."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அவள் எழுந்து வந்தாள்.

கடைசி நாள் பகல் இரண்டு மணி. இருபது ஆண்டுகள் உடன் வேலை பார்த்த செண்பகம், தாழ்வாரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "யக்கா, நீங்க இல்லாம இந்த வார்டுக்குள்ள எப்படி நுழைவேன்? போவாதீங்கக்கா."

மணி அடித்தது. பணி முடிந்தால் வடிப்பறைக்குப் போயே ஆக வேண்டும். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மரியபுஷ்பம் காத்திருந்தாள்.

எட்டு நிமிடம் கழித்துச் செண்பகம் நெற்றியில் சிவந்த தடத்தோடு வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"இன்னும் கிளம்பலியாக்கா? உங்க அலமாரிச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. புதுசா வர்ற பிள்ளைக்கு வேணும்."