ஹோசியாவின் காலுக்கு ஒரு கதவு

எங்கள் யாஸூ ஆற்றங்கரையில் ஹோசியா கிட்டாரை எடுத்தால், நாளெல்லாம் பருத்தி பறித்து ஓய்ந்த கால்கள்கூட ஆடும். வாசிப்பது ஒரே ஆள்தான். கண்ணை மூடிக் கேட்டால் மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும். அப்படி ஒரு கை அவருக்கு.

அந்தச் சனிக்கிழமை மதியம் மரத்தடியில் விருந்து. ஒரு பக்கம் மீன் பொரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. ஹோசியா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ப்ளூஸ் பாட்டைத் தொடங்கினார். யாரும் ஆடவில்லை. அடுத்த பாட்டுக்கும் அதே கதைதான்.

"என்ன மாமா, கைக்கு வயசாயிருச்சா?" என்றான் ரூஃபஸ், வாய் நிறைய மீனோடு. "ஆத்துக்கு அந்தப் பக்கம் பிடில்காரன் வந்திருக்கானாம். அங்க போலாம் வாங்கப்பா."

நாலைந்து பேர் எழுந்தார்கள். ஹோசியாவின் முகம் வாடிவிட்டது.

"அதே பாட்டு, அதே கை. என்னன்னே தெரியலப்பா. இனிமே நான் வாசிக்கவே வேணாம் போல," என்று கிட்டாரைப் பைக்குள் வைக்கக் குனிந்தார்.

ஒன்பது வயது லூவீனியாவுக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் கடைவாசலில் இதே பாட்டுக்கு அவள் ஆடியிருக்கிறாள். அங்கே இருந்தது இங்கே எது இல்லை? அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். முழுக்கச் சேறு. கடைவாசலில் இருந்தது பலகைத் தரை. அவர் கால் தாளம் போட்டால் டக் டக்கென்று கேட்கும். இங்கே சேறு அதை விழுங்கிவிட்டது.

"கொஞ்சம் இருங்க மாமா. கை நல்லாத்தான் இருக்கு. உங்க காலுக்குத்தான் தரை இல்ல."

வீட்டுக்கு ஓடினாள். கைக்குக் கிடைத்த பலகை கோழிக்கூட்டின் கதவுதான். அவள் அதை இழுத்துவர, பின்னாலேயே கோழிகளும் வந்தன.

"அடியே, கதவைக் கழட்டிட்டியா? இதுங்களை யாருடி பிடிக்கிறது?" என்றாள் அம்மா.

"நானே பிடிக்கிறேம்மா."

ஹோசியா பலகைமேல் காலை வைத்தார். டக். அவர் முகம் மலர்ந்தது. கிட்டாரும் காலும் ஒன்றுக்கொன்று பேச ஆரம்பித்தன. சாலைவரை போன ரூஃபஸ்தான் முதலில் திரும்பி வந்து ஆடினான். கையிலிருந்த மீன் தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

லூவீனியா மட்டும் ஆடவில்லை. கோழி பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் தாளம் தப்பாமல்தான் பிடித்தாள்.

அதன்பின் ஹோசியா எங்கே வாசிக்கப் போனாலும் அந்தக் கதவும் கூடவே போனது. அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த கிட்டார்காரர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் காலடியில் ஒரு பலகை போட்டுக்கொள்கிறார்கள். அது கோழிக்கூட்டில் பிறந்த பழக்கம் என்று லூவீனியா சொன்னால் சிரிப்பார்கள்.

அப்போதெல்லாம் ஹோசியா தன் பலகையைத் திருப்பிக் காட்டுவார். அடியில் கோழிகள் கொத்திய தடம் அப்படியே இருக்கும்.