இத்தாவின் தொண்ணூற்றேழாம் நாள்

“கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்குனது நீங்கதான் மாமி, இல்லைங்காதீங்க…”

“பிடுங்காம என்ன செய்ய? ரெண்டு நாளா கண்ணை மூடாம உக்காந்திருக்கு. உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு வேற…”

“‘அப்டேட் ஆகுது, அணைக்காதீங்க’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே!”

“இங்கிலீஷ்ல போட்டா எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கலெக்டருக்கா படிச்சேன்?”

“தெரியலைன்னா என்னைக் கேக்கணும். இப்ப பாருங்க, பொத்தானை அமுக்குனாலும் எந்திரிக்கல. செத்துப்…”

நஜ்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியார் ஹபீபுன்னிசா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். தொண்ணூற்றேழு நாளாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

குவைத்தில் வேலை முடிந்து ரோட்டைக் கடந்த அவள் புருஷன் சலாஹுதீனை வண்டி அடித்து, அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். கூத்தாநல்லூருக்கு வந்து சேர்ந்தது அவர் சாமான்கள் இருந்த ஒரு பெட்டிதான். முகம் பார்க்காமலே நஜ்மா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அவளும் பார்க்கக் கூடாது. அதற்காக நடுக்கூடத்து நிலையில் ஒரு பச்சைத் திரை தொங்கியது, தரைக்கு ஒரு சாண் மேலே வரை.

அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை அவர் பேசியதை அதில் பதிந்து வைத்திருந்தாள். பிறந்து எட்டு மாதமான ஷிஃபாவை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. ‘கிட்ட கொண்டா, இன்னும் கிட்ட’ என்று பதினோரு நிமிஷம் கொஞ்சியிருந்தார். வாப்பாவின் குரல் என்று மகளுக்குக் காட்ட அது ஒன்றுதான் மிச்சம்.

“மவுத்தானவன் குரலைப் பொட்டிக்குள்ள அடைச்சு வைக்காதே புள்ள. அவனைப் போகவிடு.”

“நீங்க பத்து மாசம் சுமந்தீங்க, இருபத்தேழு வருஷம் குரல் கேட்டீங்க மாமி. எம்மவளுக்குப் பதினோரு நிமிஷம். அதையும் விடச் சொல்றீங்களா? விடமாட்டேன்.”

மாமி மறுபடி தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினாள். ஒன்றை மட்டும் நஜ்மா அவளிடம் சொல்லவில்லை. நெட் இணைப்பைத் துண்டித்து ஒரு மாதம் ஆகிறது. அப்படியிருக்க, இந்த அப்டேட் எந்த வழியாக வந்து இறங்கியது?

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஜாஃபர் சாதிக்குக்கு மதியமே போன் செய்திருந்தாள். அதுவரை அவனிடம் பேசியதில்லை. அவன் அக்காள் முறைவைத்து மூச்சுக்கு மூச்சு “லாத்தா” என்றான். “சாயங்காலம் அஸருக்கு மேல வர்றேன் லாத்தா. திரைக்கு வெளிய உக்காந்து நான் சொல்லச் சொல்ல நீங்களே செஞ்சிடலாம் லாத்தா, ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல.”

அஸர் தொழுகை முடிந்தது. வெளிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமி பின்கட்டுக்குப் போனாள். மூன்று நாளாக நிற்காத கார்த்திகை மழை ஓட்டிலும் தகரத்திலும் வாழை இலையிலும் வேறு வேறு சுருதியில் விழுந்துகொண்டிருந்தது. கொல்லைக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த சம்பா வயலிலிருந்து சேற்று வாடையும் தவளைச் சத்தமும் சேர்ந்து வந்தன. பகலிலேயே கூடத்தின் மூலைகளில் இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

திரை லேசாக உள்வாங்கி அடங்கியது.

“வந்துட்டேன்.”

குரல் கம்மியிருந்தது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. நனைந்திருப்பான், பாவம், ஜலதோஷம் என்று நினைத்தாள். வழக்கப்படி பார்வையைத் தாழ்த்தி, திரைக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“வயரைச் சொருகு. பொத்தானை அமுக்கினதும் எஃப் எட்டை விடாம தட்டு.”

தட்டினாள். கறுத்த மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக எழும்பின.

“நின்னுக்கிட்டே எதுக்கு? உக்காரு.”

உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. திரை கெட்டித் துணி. நிற்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்காததை வைத்து ஊகித்திருப்பான். அதோடு, ‘லாத்தா’ எங்கே போனது? மதியம் அவ்வளவு மரியாதையாகப் பேசியவன் இப்போது வா, போ என்கிறானே. அதட்ட வாயெடுத்தாள். வேலை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

“பழைய நிலைக்குத் திருப்புறதுக்கு ஒரு வழி இருக்கும். அதுக்குள்ள போ. தேதி கேக்கும்.”

மூன்று தேதிகள் வந்தன. அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“மூணாவதை எடு.”

ஆகஸ்ட் பத்தொன்பது. அவர் மவுத்தான நாள்.

வாடை அப்போதுதான் வந்தது. முதலில் கற்பூரம். பிறகு இலந்தை இலை ஊறிய வெந்நீர். இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாடை. நஜ்மாவின் வாப்பாவை அடக்கிய அன்று அந்த வாடை வீட்டை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. இந்த வீட்டில் யாரையும் குளிப்பாட்டவில்லை.

ஆனாலும் அமுக்கினாள். எனக்கு அந்தக் குரல் வேண்டும், யார் பயமுறுத்தினாலும் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

மானிட்டரில் ஒரு கோடு மெல்ல நீண்டது. முப்பது. அறுபது. தொண்ணூற்றேழில் நின்றது. நின்று, யோசித்து, நூறானது. நீல வெளிச்சம். கேமராவின் பச்சைப் புள்ளி தானாக எரிந்தது.

மேசையில் கைபேசி அதிர்ந்தது.

“லாத்தா, மன்னிச்சுக்குங்க லாத்தா! திருவாரூருக்கு சாமான் எடுக்க வந்தேன். வழியெல்லாம் தண்ணி, பஸ் நின்னுபோச்சு. நாளைக்குக் காலையில கட்டாயம் வந்துடறேன் லாத்தா. லாத்தா? கேக்குதா?”

கேட்டது. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மழை. தவளை. மானிட்டரின் மெல்லிய உறுமல்.

“ஃபைலைத் திற,” என்றது திரைக்குப் பின்னால்.

அவள் திறக்கவில்லை. அது தானாகத் திறந்தது. பதிவில் சலாஹுதீன் சிரித்தார். “கிட்ட கொண்டா,” என்றார். “இன்னும் கிட்ட.”

“இன்னும் கிட்ட,” என்றது பின்னாலிருந்த குரல், அரை மூச்சு தாமதமாக. “ஒரு தடவைகூடத் தூக்கல. தூக்கிட்டு வா.”

பின்கட்டில் ஷிஃபா சிணுங்கினாள். மாமியின் கை தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

நஜ்மா எழுந்தாள். திரும்பினாள். தொண்ணூற்றேழு நாளில் முதல் முறையாக, தாழ்த்திய பார்வையைத் திரையின் அடிவிளிம்பு வரை உயர்த்தினாள்.

ஈரம். திரைக்கு அடியிலிருந்து உள்ளே ஊர்ந்து வந்த தண்ணீர். அதில் மிதந்த ஓர் இலந்தை இலை.

இரண்டு கால்கள். வெளுத்து, ஊறி, தோல் சுருங்கியவை. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணிக் கிழிசல்.

கட்டிய கால்கள் பிரியாமல், இரண்டும் ஒன்றாக, ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தன. திரை மூக்கு இருக்கும் இடத்தில் புடைத்தது.

அவள் பின்கட்டுக்குப் போகும் வாசலுக்கு ஓடினாள். உள்ளே போகவில்லை. கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். அதில் முதுகை அழுத்தி, இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். குரல் நடுங்காமல் சொன்னாள்.

“கட்டின புருஷனுக்கு எங்கிட்ட திரை எதுக்குங்க? அவர்தான்னா அதை நீக்கிட்டு வந்து முகத்தைக் காட்டுங்க. அவர் இல்லைன்னா வந்த வழியே போங்க. எதுவானாலும், எம்புள்ளையைக் கேக்காதீங்க, தரமாட்டேன்.”