வேலி தாண்டிய தடியன்

“அந்த வீட்டுக்காரம்மாதான் என் தடியனை என்னமோ பண்ணிட்டா. நீங்க வந்து கேளுங்க சார்” என்றார் பல் டாக்டர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

தடியன் என்பது அவருடைய நாய். சார் என்பவர் சர்வேயர். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊரார் சிக்கல்களை அளந்துகொண்டிருப்பவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, மெத்தைக் கடைக்காரர். கடையில் வியாபாரம் மந்தம், துப்பறிவதில் ஆர்வம் ஜாஸ்தி. டாக்டர் மூச்சு வாங்குவதற்குள் அவர் மனசுக்குள் இரண்டு பேரைக் கைது செய்துவிட்டார்.

டாக்டரும் கணவரும் மலையில் நடப்பதற்காக விடுமுறை எடுத்திருந்தார்கள். நாயோடு தங்க இடம் தேடித் தேடி டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சிலர் நாய் என்றதும் போனை வைத்தார்கள். சிலர் நாய் வரலாம், வீட்டுக்குள் மட்டும் வரக்கூடாது என்றார்கள். நாய்க்கு எதற்கு விடுமுறை, கொட்டகையில் கிடக்கவா? கடைசியில் அமைந்தது அக்கம்பக்கமே இல்லாத ஒரு மலைவீடு. சுற்றிலும் ஓட்டையில்லாத கம்பிவேலி. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நாயைக் காணோம்.

“வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டுல ஏறிட்டிருந்துச்சாம், அந்தம்மா பாத்தாளாம். எப்படிப் போகும்? ரோட்டுப் பக்கம் கேட் பூட்டியிருந்துச்சு. வேலியைத் தாண்டணும்னா ஏணி மாதிரி ஒரு மரப்படிதான் இருக்கு. தடியனுக்குப் பின்னங்கால் மூட்டு தேஞ்சுபோச்சு. கார்ல ஏத்தவே நாங்கதான் தூக்கணும். என்னையும் அவரையும் தவிர யார் தூக்கினாலும் கையைக் கடிச்சுக் குதறிடுவான்.” கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். “வலி மாத்திரை போடாம அவனால படுக்கக்கூட முடியாது சார்.”

மத்தியானமே மூவரும் மலைவீட்டில் இருந்தார்கள். வாசலில் கணவர், நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றார். அடுப்போரம் கழுவிய பூட்ஸ்கள் காய்ந்தன. கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டுகள் தொங்கின. வீட்டுக்காரம்மா டீயை வைத்த வேகத்தில் பாதி தட்டில் சிந்தியது.

“பனிமூட்டத்துல நாய் மட்டும்தான் தெரிஞ்சுது. பாத்ததைச் சொன்னா என்னையே திருடிங்கறாங்க! திருடணும்னா எனக்கு வேற நாயே கிடைக்கலையா?”

“அத்தான், இந்தம்மா முழியே சரியில்ல” என்று கிசுகிசுத்தார் மெத்தைக் கடைக்காரர்.

சர்வேயர் அந்த அம்மாளின் கைகளைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு வெளியே போய் வேலியைச் சுற்றி வந்தார். திரும்பியதும் தொங்கிய மழைக்கோட்டுகளில் ஒன்றைத் தொட்டு, “இந்தத் தோள்ல என்ன சேறு?” என்று கேட்டார்.

“தேடும்போது வழுக்கி விழுந்துட்டேன்” என்றார் கணவர்.

சர்வேயர் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

“இந்தம்மா பொய் சொல்றதா இருந்தா, கேட்டைத் திறந்தப்ப நாய் ஓடிடுச்சுன்னு சொல்லியிருப்பாங்க. யாரும் நம்ப முடியாத கதையை எதுக்குச் சொல்லணும்? அதனால அவங்க சொல்றது நிஜம்னு வெச்சுக்குவோம். அப்ப நாயை யாரோ வேலிக்கு மேல தூக்கி விட்டிருக்காங்க. கடி வாங்காம தூக்கக்கூடியவங்க ரெண்டே பேர். ஒருத்தர் என்னைக் கூப்பிட வந்துட்டாங்க.”

“இன்னொருத்தர்...” என்று மெத்தைக் கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

“வழுக்கி விழுந்தா சேறு உக்கார்ற இடத்துல ஒட்டும் மாப்ள. தோள்ல மட்டும் ஒட்டாது. அது நாயோட முன்னங்கால் சேறு. பூட்ஸைக் கழுவினவர் தோளைப் பாக்க மறந்துட்டார். தடியன் தனியாவும் போகல. முன்னாடி நடந்தவர் பனியில மறைஞ்சுட்டார்.”

கணவர் தலைகுனிந்தார். “என் புது வேலையில கம்பெனி கொடுக்கற வீட்டுல நாய் கூடாதுன்னுட்டாங்க. இவ அவனை விட்டுட்டு வரமாட்டேங்கறா. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கறவர்கிட்ட முன்னாடியே பேசிவெச்சு ஒப்படைச்சேன். நல்ல மனுஷன்.”

“மாத்திரை?” என்றார் டாக்டர்.

கணவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“மாத்திரையாவது கொடுத்து விட்டீங்களா?”

“மறந்துட்டேன்.”

டாக்டர் மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோர மரப்படியில் ஏறி மேட்டுப் பக்கம் போனார். சர்வேயரும் மச்சானும் பின்னால் ஓடினார்கள். “எனக்கு அப்பவே தெரியும் அத்தான்” என்றார் மெத்தைக் கடைக்காரர். “எப்ப?” என்று கேட்டார் சர்வேயர். மெத்தைக் கடைக்காரர் நடையை எட்டிப் போட்டார்.

பொழுது சாயும்போது தடியன் அடுப்போரம் மாத்திரையை விழுங்கிவிட்டுக் குறட்டை விட்டான். கணவர் இரண்டு பைகளையும் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

டாக்டர் வீட்டுக்காரம்மாவிடம் போனார். “வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க. இன்னும் ஒரு வாரம் இங்கயே தங்கிக்கலாமா?”

“தாராளமா தங்குங்க. எத்தனை பேரு?”

டாக்டர் தன் பையை மட்டும் உள்ளே எடுத்து வைத்தார்.

“நானும் தடியனும்.”