மழையில் நனையாத பிரீனா

பிரீனா பிறந்ததிலிருந்து மழையில் நனைந்ததே இல்லை.

இத்தாலியில் எங்கள் பொலோனியா ஊரில் இது முடியாத காரியம் அல்ல. இங்கே வீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டிருக்கும், கீழே தூண்கள் அதைத் தாங்கும். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நடைபாதை. கொட்டுகிற மழையிலும் குடை இல்லாமல் போய் ரொட்டி வாங்கி வரலாம். பிரீனா அந்தத் தூண் நடையில்தான் நடக்கும். நடுவில் தெருவைக் கடக்க வேண்டி வந்தால், எர்மெஸ் அதைத் தூக்கித் தன் கோட்டுக்குள் போட்டுக்கொள்வார்.

எர்மெஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலை அடைக்கிற ஆள். பிரீனாவோ எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட குட்டி நாய் இனம். உடம்பெல்லாம் வெள்ளைச் சுருள் முடி. அந்த முடி உதிராது, அதனால் தினமும் சீவாவிட்டால் சிக்கு விழும். சாயங்காலம் ஆனால் எர்மெஸ் ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு, பிரீனாவை மடியில் வைத்துக்கொண்டு சீவ ஆரம்பிப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எர்மெஸின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. எங்கள் தெருக்காரர்கள் இதை விடுவார்களா? போகிறவர், வருகிறவர் எல்லாரும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

மொர்த்தடெல்லா இறைச்சி விற்கும் வால்தர் கடை வாசலில் நின்றபடி, "எர்மெஸ், அவகிட்ட இருக்கிறதுல பாதிய எடுத்து உன் தலையில ஒட்டிக்கோயேன்" என்பார். முதல் மாடி ஸாயிரா, "ஒருத்தருக்கு அள்ளிக் கொடுத்திருக்கு, இன்னொருத்தருக்கு வழிச்சு எடுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறுவாள்.

எர்மெஸ் தலையை நிமிர்த்தாமல் ஒரே பதில்தான் சொல்வார். "என் முடி எங்கயும் போகலப்பா. இவகிட்ட கொடுத்து வச்சிருக்கேன்."

பக்கத்தில் ஒத்தாவியா குந்தியிருப்பாள். பத்து வயது. அதே கட்டிடத்தில் எர்மெஸுக்கு எதிர் வீடு. சீப்பில் மாட்டிய முடியை எடுத்துப் பந்தாக உருட்டுவது அவள் வேலை.

நவம்பரில் எர்மெஸ் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் வழக்கப்படி கறுப்புக் கரை போட்ட அறிவிப்பை வாசல் சுவரில் ஒட்டினார்கள். அதிலிருந்த அவர் பெயரை ஒத்தாவியா விரலால் தடவிப் பார்த்தாள்.

அவரைக் கொண்டுபோன அன்று நல்ல மழை. கறுப்புக் கார் தெருவில் நனைந்துகொண்டு நின்றது. பிரீனா சவப்பெட்டியின் பின்னாலேயே வந்தது. தூண் நடை முடிந்து ஈரம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. கார் கிளம்பி, திரும்பி, மறைந்த பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒத்தாவியாதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

எர்மெஸின் தம்பி மகன் லோரிஸ், ஓடு செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவன். அவன் ஒத்தாவியாவின் அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினான். தன்னால் நாயை வைத்துக்கொள்ள முடியாது, ஃபெராரா ஊர்ப் பக்கம் ஒரு சிநேகிதனுக்குப் பேரிக்காய்த் தோட்டம் இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம், சனிக்கிழமை வரைக்கும் மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

"அங்க எங்க தூங்கும்?" என்று ஒத்தாவியா கேட்டாள்.

"மத்த நாய்ங்களோட. கொட்டகையில" என்றான் லோரிஸ். அதைச் சொல்லும்போது அவன் பிரீனாவைப் பார்க்கவில்லை.

ஃபெராராவின் பனிமூட்டமும் சேறும் ஒத்தாவியாவுக்குத் தெரியும். அந்தச் சேற்றில் பிரீனா நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

பிரீனா அன்றிலிருந்து சாப்பிடவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. யாருக்குத் துக்கம் வந்தாலும் கை நேராக அடுப்புக்குப் போய்விடும். நாய்க்கு என்றால் மட்டும் சும்மா இருப்பார்களா? வால்தர் மொர்த்தடெல்லாவைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தார். இன்னொருவர் பாலாடைக்கட்டியின் ஓரத்தை அனுப்பினார். கோழிச் சாறும் வந்தது. பிரீனா எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் ஸாயிரா காலையிலிருந்து கொதிக்க வைத்த இறைச்சிக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அதன் வாசனைக்குச் செத்தவன்கூட எழுந்து வருவான் என்று ஊரில் சொல்வோம். பிரீனா நக்கிப் பார்த்தது. பிறகு முழுவதையும் சாப்பிட்டது. ஸாயிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள்.

பொழுது விடிவதற்குள் பிரீனா வாந்தி எடுத்துத் துவண்டு போயிற்று. அடுத்தடுத்த நாட்களில் அதன் ஈறு வெளுத்தது, நிற்கக் கால் நடுங்கியது.

நாய் டாக்டர் பரிசோதித்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார். "வெங்காயம் வதக்காம நம்ம ஊர்ல யாரும் குழம்பு வைக்கிறதில்ல. வெங்காயம் நாயோட ரத்தத்தைக் கெடுத்துடும். பிழைச்சிடுவா. ஆனா இனிமே வெறும் சோறும் வேகவச்ச கோழியும் மட்டும்தான்."

பிறகு அவர் பிரீனாவின் முடியை விரலால் விலக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் முடி சிக்கு விழுந்து, தோலோடு ஒட்டி இறுகியிருந்தது. ஒவ்வொரு அசைவிலும் அது தோலை இழுத்து வலிக்கும் என்றார். மயக்க ஊசி போட்டு மழித்துவிடலாம், ஆனால் ரத்தம் குறைந்திருக்கும்போது ஊசி ஆபத்து, மழித்தால் குளிரும் தாங்காது. வேறு வழி கையால் சிக்கெடுப்பதுதான். அதற்கு நாய் இடம் கொடுக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோர்ந்து உட்கார்ந்தாள். "ஒத்தாவியா, நமக்கு இது முடியாதும்மா. நான் மருந்துக்கடை வேலைக்குப் போகணும், நீ பள்ளிக்கூடம் போகணும். சனிக்கிழமை லோரிஸ் வந்தா கொடுத்துடலாம்."

ஒத்தாவியா எர்மெஸின் சீப்பை எடுத்து, பிரீனாவைச் சமையலறை மேசையில் நிறுத்தி, மெதுவாக முதுகில் வைத்தாள். பிரீனா உறுமியது. ஒருநாளும் உறுமாத நாய் அது. ஒத்தாவியா சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரீனாவை வெளியே கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது, அது கட்டிடத்தின் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அங்கே எர்மெஸின் நாற்காலி இருந்தது. அதைத் தொடவே யாருக்கும் மனம் வரவில்லை, வைத்த இடத்திலேயே கிடந்தது. பிரீனா அதன் காலில் மூக்கை வைத்து நின்றது.

ஒத்தாவியா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எர்மெஸ் போடுகிற அதே தூணருகில் போட்டாள். உட்கார்ந்து பிரீனாவை மடியில் எடுத்துக்கொண்டாள். சீப்பை மடியிலேயே வைத்திருந்தாள், சீவவில்லை.

வால்தர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்காலியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தபடி உள்ளே போய்விட்டார். ஸாயிரா சிலுவை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கடந்தாள். எல்லாருமே தேவாலயத்தில் நடப்பதுபோல நடந்து போனார்கள்.

ஒவ்வொரு காலடிச் சத்தம் கேட்கும்போதும் பிரீனா தலையைத் தூக்கியது. ஆள் பேசாமல் கடந்துபோனதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. இரண்டு மூன்று தடவை இதைப் பார்த்த பிறகுதான் ஒத்தாவியாவுக்குப் புரிந்தது. இந்த நேரத்தில், இந்த இடத்தில், யாராவது கிண்டல் செய்வார்கள். எர்மெஸ் பதில் சொல்வார், சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த நடையிலிருந்து எர்மெஸ் மட்டும் போகவில்லை, அத்தனை குரல்களும் போய்விட்டன.

அவள் பிரீனாவைத் தூக்கிக்கொண்டு வால்தர் கடை வாசலுக்குப் போனாள்.

"மாமா, பிரீனாவுக்கு நீங்க ஒண்ணு கொடுக்கணும்."

"டாக்டர்தான் கூடாதுன்னுட்டாரேம்மா."

"சாப்பாடு வேணாம். எப்பவும் சொல்வீங்கல்ல, பாதி முடிய எடுத்து ஒட்டிக்கோன்னு. அதைச் சொல்லுங்க."

வால்தரின் முகம் சுருங்கியது. "செத்த மனுஷனக் கேலி பண்ணச் சொல்றியா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"அவருக்காக இல்ல, மாமா. இவளுக்காக. நீங்க எல்லாரும் பேசாமப் போறீங்க. இவ காத்துக்கிட்டே இருக்கா."

ஒத்தாவியா திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து வால்தர் கடை வாசலுக்கு வந்தார். கையை மேலங்கியில் துடைத்தார். வாய் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.

"எர்மெஸ்" என்றார். "அவகிட்ட இருக்கிறதுல பாதிய எடுத்து... உன் தலையில ஒட்டிக்கோயேன்."

பிரீனாவின் காது நிமிர்ந்தது. வால் ஒரு தடவை ஒத்தாவியாவின் முழங்காலில் அடித்தது.

வால்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் காப்பிக் கடைக்காரரை இழுத்துவந்தார். அவரும் தன் பங்குக்கு ஏதோ சொன்னார். மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸாயிரா மட்டும் இறங்கி வரவில்லை. தன் குழம்பால்தான் இவ்வளவும் என்று அவளுக்கு வெட்கம்.

குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒத்தாவியா முதல் சிக்கில் விரலை வைத்தாள். எர்மெஸ் செய்வதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாளே. முடிச்சின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தோல் இழுபடாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். பிரீனா நடுங்கியது, ஆனால் உறுமவில்லை. இருட்டும்போது கழுத்திலிருந்த ஒரு முடிச்சு முழுவதும் பிரிந்துவிட்டது.

அன்றைக்குப் பிரீனா ஒரு கைப்பிடி வெறும் சோறு சாப்பிட்டது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமையும் ஒத்தாவியா அதேபோல் உட்கார்ந்து சிக்கெடுத்தாள். சனிக்கிழமை மறுபடியும் மழை. லோரிஸ் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கூண்டுடன் ஓடிவந்து தூண் நடையில் ஏறினான். நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருந்த ஒத்தாவியாவையும் பார்த்து அப்படியே நின்றான். பிரீனாவின் முதுகும் கழுத்தும் வெள்ளைச் சுருளாக அலைபாய்ந்தன. இடது காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு சிக்கு பாக்கி இருந்தது.

"அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள் ஒத்தாவியா.

"அம்மா வேலைக்குப் போறாங்க, நீ பள்ளிக்கூடம் போற. பகல்ல இவள யாரு பார்த்துப்பாங்க?"

"பகல்ல இவ ஸாயிரா அத்தை வீட்டுல இருப்பா. நேத்து நானே போய்க் கேட்டேன். சமையலறைக் கதவைச் சாத்தியே வைக்கிறதாச் சத்தியம் பண்ணிட்டாங்க."

லோரிஸ் அம்மாவைப் பார்த்தான். வாசலில் நின்றிருந்த அம்மா, "சாயங்காலம் நான் வந்துடுவேன்" என்றாள். அது போதும் என்று ஒத்தாவியாவுக்குத் தெரிந்துவிட்டது.

லோரிஸ் கூண்டை நனையாத தரையில் வைத்தான். "இந்தச் சிக்கை ஏன் விட்டுட்ட?"

"ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்தா வலிக்கும்."

"நான் எடுத்துப் பாக்கட்டுமா?"

ஒத்தாவியா எழுந்து இடம் கொடுத்தாள். லோரிஸ் உட்கார்ந்தான். நனைந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். அவன் தலையும் எர்மெஸின் தலை மாதிரியே பளபளவென்று இருந்தது. பிரீனா அவன் கையை முகர்ந்து பார்த்தது, பிறகு தானாகவே காதைத் திருப்பிக் காட்டியது.

அந்த நேரம் பார்த்து ஸாயிரா கூடையுடன் வந்தாள். நாற்காலி, மொட்டைத் தலை, மடியில் வெள்ளை நாய். பல வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"ஒருத்தருக்கு அள்ளிக் கொடுத்திருக்கு, இன்னொருத்தருக்கு வழிச்சு எடுத்திருக்கு."

சொன்ன பிறகுதான் அது யாரென்று பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடை வாசலில் வால்தர் அசையாமல் நின்றார்.

லோரிஸ் தலையை நிமிர்த்தவில்லை. முடிச்சின் அடியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என் முடி எங்கயும் போகல" என்றான். சின்ன வயதில் இதே தூணருகில் நின்று அவன் கேட்ட பதில் அது. "இவகிட்ட கொடுத்து வச்சிருக்கேன்."

முதலில் வால்தர்தான் சிரித்தார். ஸாயிரா சிரித்துக்கொண்டே அழுதாள். லோரிஸ் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சீப்புக்காகக் கையை நீட்டினான், ஒத்தாவியா கொடுத்தாள். சீப்பில் மாட்டிய முடியை அவள் எடுத்துப் பந்தாக உருட்டினாள். இனிமேல் சனிக்கிழமை தோறும் சீவ வருவதாக அவன் பிரீனாவின் காதோடு சொன்னது அவளுக்கும் கேட்டது.

கிளம்பும்போது லோரிஸ் கூண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினான். பிரீனா தூண் நடையின் ஓரம்வரை அவனுடன் போய், ஈரம் தொடங்கும் இடத்தில் நின்று வாலை ஆட்டியது. அன்றைக்கு மழையில் நனைந்தது அந்தக் காலிக் கூண்டுதான்.