ஏழாவது வீட்டின் பின்புறம்

ராக்கையா செத்து இன்றோடு இருபத்திரண்டு நாள்.

விஷயம் தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான்.

கொன்றவன்!

ராக்கையாவின் கூடப்பிறந்த தம்பி, தங்கப்பாண்டியன்.

சின்னமனூரை ஒட்டி இருபது சென்ட். அதில் பன்னிரண்டு தகர வீடுகள். வீடு குடியிருப்பவர்களுக்குச் சொந்தம். அடியில் இருக்கும் மண் தங்கப்பாண்டியனுக்கு. மாதாமாதம் தரை வாடகை. அந்த மண்ணை விற்கக் கிளம்பியபோது, "அப்பன் சொத்துடா! கோர்ட்டுக்குப் போவேன்!" என்றான் அண்ணன்.

கோர்ட்டுக்குப் போகவில்லை. ஏழாவது வீட்டின் பின்புறம் மண்ணுக்குள் போனான்.

தனிக்கட்டை. தேடவும் நாதியில்லை. கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கிறான் என்றதும் ஊர் நம்பிவிட்டது. இன்றைக்கு இடத்தை விற்று, நாளைக்குத் திருப்பூருக்கு ஓடிவிட்டால் போதும். தப்பித்தான்!

செல்போன் அலறியது.

"நாகஜோதி பேசுறேன். எடத்துக்கு வந்துட்டேன். நீ எங்கன இருக்க?"

தேனிக்காரி. இதே மாதிரி இரண்டு இடம் ஏற்கெனவே வாங்கிப்போட்டவள். விற்பவன் பேச்சைக் காதில் வாங்குகிற ரகம் இல்லை. அவன் போய்ச் சேருவதற்குள் எல்லா வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டாள்.

"பன்னண்டு வீட்லயும் ஆள் இருக்குன்ன. மூணு பூட்டிக் கெடக்கு!"

"ஊருக்குப் போயிருக்காகக்கா..."

"பூட்டு துருப்பிடிக்கிற வரைக்குமா?"

நாலாவது வீட்டு முருகம்மாள் குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"தண்ணியில்லாத எடத்துல எவ இருப்பா ஆத்தா? ஒரு குடத்துக்கு ஒரு மைல் நடக்கோம். இவன் அண்ணன் இருந்தாலாவது கேப்பாக. அவுகளை எங்கன வெரட்டிவிட்டானோ!"

"வாய மூடு!" பல்லைக் கடித்தான் தங்கப்பாண்டியன்.

"கத்தாத," என்றாள் நாகஜோதி. "நீரோட்டம் பாக்க மொக்கைச்சாமியக் கூட்டியாந்திருக்கேன். தண்ணி இருந்தா நீ சொன்ன வெல. இல்லேன்னா பாதிதான்."

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? தங்கப்பாண்டியன் பிளாஸ்டிக் சேரில் பொத்தென்று உட்கார்ந்தான்.

மொக்கைச்சாமி உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தான். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம். அந்தப் பக்கத்தில் அதைப் பார்க்காமல் போர்வெல் போடுகிறவன் குறைவு.

மூணாவது வீடு... அஞ்சாவது வீடு...

ஏழாவது வீட்டின் பின்புறம் நின்றுவிட்டான்!

அவன் முதுகுதான் தெரிந்தது. மெல்லக் குனிந்தான்.

"என்னப்பா, அங்கனயா?" என்றாள் நாகஜோதி.

"அங்கன தோண்டாதீக!"

தங்கப்பாண்டியன் துள்ளிய துள்ளலில் சேர் கவிழ்ந்தது.

அத்தனை வீட்டு வாசலிலும் தலைகள்!

நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி இருந்தா ஒனக்குத்தான லாபம்? வேணாம்னு கத்துற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அங்கன... சாமி இருக்குக்கா!"

"எந்தச் சாமி?" முருகம்மாள் பாய்ந்தாள். "இருபது வருசமா அங்கன என் கோழிக்கூடுதான் இருந்துச்சு. போன மாசம் நீதான பிரிச்சுப்போட்டு மண்ணக் கொட்டுன? ஏலே... உங்கண்ணன என்னடா பண்ணுன?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துவிட்டாள். நாலு ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றடி ஆழத்தில் ஒரு கட்டம் போட்ட லுங்கி தெரிந்தது...

தங்கப்பாண்டியன் ஓடினான். மெயின்ரோடு வரைகூடப் போகவில்லை. போலீஸ் ஜீப் வந்தபோது அவன் வாயில் இரண்டு பல் குறைந்திருந்தது. பாவம் பார்க்க அங்கே ஒருத்தரும் இல்லை.

விலங்கோடு ஜீப்பில் ஏறியவன், மொக்கைச்சாமியைப் பார்த்துக் காறித் துப்பினான்.

"பாவி! ஒந்தேங்காய்க்கு எந்திரிக்க வேற எடமே கெடைக்கலியாடா?"

மொக்கைச்சாமி பரிதாபமாக விழித்தான்.

"தேங்கா எங்கண்ணே எந்திரிச்சுச்சு? கால்ல முள்ளு குத்திருச்சேன்னு குனிஞ்சேன்... நீங்கதான் எந்திரிச்சீக!"