கவிநிலாவின் தலையணையில் எறும்பு

அருணாதேவி கேட்டது ஒன்றுதான். தன் நாத்தனார் பொன்னி குழந்தைக்குத் திருட்டுத்தனமாக இனிப்புக் கொடுத்தாள் என்று நிரூபித்துத் தர வேண்டும்.

செங்கம் சாலை மாடியறையில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சகாதேவன் நடத்திவந்த துப்பறியும் அலுவலகத்துக்கு வழக்கமாக வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்புதான். ஆகவே அவருடைய உதவியாளன் குமரேசன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். ஆட்டோ ஓட்டுவது அவன் தொழில். மற்றவர் வீட்டு ரகசியம் அவன் உயிர்.

அருணாதேவியின் ஐந்து வயது மகள் கவிநிலாவின் வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கொழுப்பு ஜாஸ்தி, மாவுச்சத்து மிகக் கம்மி என்று மருத்துவர்கள் ஓர் உணவுமுறை வகுத்துக் கொடுத்தார்கள். சோறு கிடையாது, சர்க்கரை கிடையவே கிடையாது. அருணாதேவி தராசு வாங்கி, கொத்தமல்லித் தழையைக்கூட நிறுத்துப் போட்டாள். வலிப்பு நின்றது. மாதக்கணக்கில் வீடு நிம்மதியாக மூச்சுவிட்டது. போன பௌர்ணமியன்று மறுபடி வந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள் குழந்தைக்குக் காய்ச்சல். உணவுமுறை சரியாக நடந்தால் சிறுநீரில் நனைக்கும் பரிசோதனைப் பட்டை ஊதாவாகும். பௌர்ணமி காலையில் வெளுத்தே கிடந்தது. பட்டை பழசு போல என்று அருணாதேவி விட்டுவிட்டாளாம். சாயங்காலம் பொன்னி வந்தாள். தான் குடியிருக்கும் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் அன்னதானம் போட்டுவிட்டு நேரே வந்தவள், குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் வலிப்பு.

"இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதேனு சொல்லிட்டேன் சார். கொழந்த அத்தை எங்கனு தெனம் அழுவுது. எங்க வூட்டுக்காரரு, தங்கச்சி அப்படிச் செய்யமாட்டானு ஒரே பிடியா நிக்கறாரு."

சகாதேவனும் குமரேசனும் அவள் வீட்டுக்குப் போனார்கள். சமையலறையில் மருந்துக்குக்கூடச் சர்க்கரை இல்லை. குமரேசன் கட்டிலுக்கடியில் ஊர்ந்து, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தான். தலையணை ஓரத்தில் எறும்பு வரிசை.

"பொங்கல இங்க வெச்சுதான் ஊட்டியிருக்கா சார். கேஸ் முடிஞ்சிது."

சகாதேவன் வரிசையின் மறுமுனையைத் தேடிப் போனார். எறும்புகள் சுவரேறி ஜன்னல் திண்டுக்குப் போயின. அங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் காய்ச்சல் சிரப் புட்டி. அதன் அளவு மூடியில் பிசுபிசுப்பு; எறும்புக் கூட்டமே அதில்தான்.

"இது எப்பலேருந்து குடுக்கறீங்கம்மா?"

"காய்ச்சல் வந்த அன்னைக்கிலேருந்து. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து வேளை தவறாம குடுத்தேன்."

"இதைக் கணக்குல சேத்தீங்களா?"

அருணாதேவி அவரை விநோதமாகப் பார்த்தாள். "அது மருந்து சார்."

சகாதேவனுக்கு விளங்கிவிட்டது. விளங்காமலே போயிருக்கலாம் என்றும் தோன்றியது. மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருக்கிறவள் என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். விரதத்தன்று பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள்கூட மாத்திரை போட்டுக்கொள்வார்கள்; மருந்து விரதத்தை முறிக்காது. குழந்தையின் உணவுமுறையையும் அவள் அதே பக்தியோடு விரதமாகவே காத்துவந்தாள். விரதத்தின் விதிவிலக்கும் கூடவே வந்துவிட்டது, பாவம்.

மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் போனில் பேசிவிட்டு, கணவன் சக்கரபாணியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பொன்னி வந்தது சாயங்காலம். பட்டை காலையிலேயே வெளுத்துடுச்சு. அதுக்கு முன்னாடி ராத்திரி பூரா கொழந்த வாய்க்குள்ள போன இனிப்பு இந்த சிரப் ஒண்ணுதான். சிந்தினதுதான் தலையணைல எறும்பு. காய்ச்சலே வலிப்பைத் தூண்டலாம்னு ஆலோசகர் சொல்றாங்க, அதனால எல்லாம் இதாலதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா பொன்னி மேல தப்பில்ல."

சர்க்கரை இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கும் சிரப்பிலும் இனிப்புக்காக வேறு மாவுச்சத்து இருக்கலாம். மாவுச்சத்து மிகக் குறைந்த மாத்திரையோ ஆசனவாயில் வைக்கும் மருந்தோதான் தரலாம், அதையும் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டே தர வேண்டும் என்று ஆலோசகர் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். வலிப்பு மாத்திரையை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

அருணாதேவி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலையே," என்றாள். சக்கரபாணி அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் தலை குனிந்துகொண்டான். அந்தப் புட்டியைக் கடையில் வாங்கி வந்தவன் அவன்தான்.

அவள் போனை எடுத்துப் பொன்னியை அழைத்தாள். இவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகை.

"அண்ணி, நானே சொல்லணும்னு இருந்தேன். பொங்கல் கிண்டின கைய சரியா கழுவினேனானு தெரியல. அந்தக் கையாலதான் அவ கன்னத்தத் தொட்டேன். வாயில பட்டுடுச்சோ என்னவோ. என்னாலதான் அண்ணி."

அருணாதேவி இடைமறித்தாள். "இல்ல பொன்னி. நீ இல்ல. நான்தான். கெளம்பி வா, கொழந்த உன்னக் கேக்குது."

குமரேசன் யாரும் சொல்லாமலே ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பினான்.